நெருக்கம்

கோத்தகிரி ஆஸ்பத்திரி, இரண்டாம் எண் அறை.
டாக்டருக்குத் தமிழ் தெரியாது.
அஞ்சலைக்குத் தமிழும், தலைமன்னாரில் கப்பலேறும் முன்
கேட்ட கொஞ்சம் சிங்களமும்.
நடுவில் நான், நாளுக்கு முந்நூறு ரூபாய்.

படிவத்தில் முதல் கேள்வி: ஸேட்?
ஆம், இல்லை, சில வேளை.

நேற்று கரண்ட் போகும்வரை
அந்தச் சொல்லின் அடியைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.
ஆயிரம் வருடம் முன்பு அதற்குப் பொருள்
நிறைந்தது. வயிறு முட்டிப் போதும் என்றது.
பிறகுதான் கனத்தது,
அதற்கும் பிறகே கண் கலங்கியது.

"மனசு நெறைஞ்சு கெடக்கா?" என்று கேட்டுவிட்டேன்.
கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்தவளைப்போல
என்னைப் பார்த்தாள்.
"சலிச்சுப் போச்சு."

இருபத்தாறு வருடம் ஃபேக்டரியில்
சல்லடைப் பக்கம் நின்றவள்.
இலை ஒரு புறம், தூள் ஒரு புறம், மூக்கெல்லாம் தூசி.
எந்தச் சலிப்பைச் சொல்கிறாள்?
"டயர்ட்" என்றேன் டாக்டரிடம்.
பொய்யில்லை. பாதி.

அடுத்தது ஆங்ஸைட்டி.
லத்தீனில் அது கழுத்தை நெரிக்கிற கை.
வொர்ரி, ஆட்டின் குரல்வளையைக் கவ்விய நாய்.
ஆங்கர்கூட எங்கோ அடியில் ஒடுங்கிய வழிதான்.
அகலமான ரோடு போட்டவர்களின் துயரமெல்லாம்
இவ்வளவு குறுகலிலா நடந்திருக்கிறது!
நம்முடைய இடுக்கண்ணுக்குள்ளும்
ஓர் இடுக்கு ஒண்டிக்கொண்டிருப்பதை
மேட்டுப்பாளையம் பஸ்ஸில், லாரிக்கு வழிவிட்டுப்
பாறையோரம் ஒதுங்கியபோதுதான் கவனித்தேன்.

"தொண்டைய நெரிக்கிற மாதிரி இருக்கா?"
அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.
"லயத்துல ஒரே ரூம்பு, ஏழு பேரு படுப்போம்.
அப்ப நல்லாத்தான் மூச்சு வந்துச்சு.
புள்ளைங்க திருப்பூர் போச்சு, அவரும் போய்ட்டாரு.
இப்ப அந்த நெருக்கம் இல்லாமத்தான்
மூச்சு முட்டுது."

என்ன சொல்கிறாள் என்றார் டாக்டர்.
இடம் போதாமை என்பதா,
பக்கத்தில் ஒரு தோள் என்பதா?
இரண்டும் ஒரே சொல் என்றேன்.
அதற்குக் கட்டமில்லை என்றார்.

கடைசியாக ஃபியர்.
பழைய நாளில் அது உள்ளே இருந்ததில்லை;
பாதையில் திடீரென மறித்து நின்ற ஆபத்து.
"பயமா?" அஞ்சலை ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டினாள்.
"காலைல தேயிலைக்குள்ள காட்டுமாடு நிக்கும்.
நானும் நிப்பேன்.
அது ஒன்னுதான் என்னைய நின்னு பாக்குது."

நான் வாய் திறக்குமுன்
இல்லை என்று டிக் அடித்துவிட்டார்.