ஈரப்பதம்

வல்லத்துக்குத் தெற்கே செம்மண் மேட்டில்
பதினொன்றாம் கொட்டகைக்குச் சாவி இரண்டு.
ஒன்று சுபேதாரிடம்,
மற்றது என் இடுப்பில்.
இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

காலையில் முதல் வேலை ஈரமானியைப் பார்ப்பது.
ஐப்பசியில் முள் அறுபதைத் தாண்டினால்
மேலே எழுத வேண்டும்.
மருந்து நமுத்தால் நேரத்துக்கு வெடிக்காது,
இல்லையென்றால்
நேரமில்லாத நேரத்தில் வெடிக்கும்.

வீட்டுக்காரர் ஜெரால்டுக்கும் ஒரு மானி உண்டு.
ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர்.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
இருபத்தொன்று காட்டும்.
நெல் கொண்டுவந்தவர் மானியைப் பார்ப்பதில்லை,
இவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

ராத்திரி அவர் எண்களைச் சொல்லலாம்,
நான் சொல்லக் கூடாது.
'நாலாயிரம் மூட்டை வெளியில கெடக்கு, தார்ப்பாய் பத்தல'
என்பார்.
நான் ரசம் ஊற்றுவேன்.

போன வாரம் டெல்லியிலிருந்து
தணிக்கைக்கு மூன்று பேர் வந்தார்கள்.
பெரிய நாடு ஒன்றோடு மூண்டால்
எத்தனை நாள் தாங்கும் என்பது அவர்கள் கேள்வி.
இருப்பைக் குண்டுகளில் சொல்வதில்லை,
நாட்களில்தான் சொல்வது:
பத்து நாள், இருபது, நாற்பது.
ஒரு பீரங்கி ஒரு நாளைக்கு இத்தனை சுடும் என்று
எங்கோ ஒருவர் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து
போட்ட கணக்கு.
எனக்கு அது புதிதில்லை.
மேட்டூரில் எத்தனை அடி,
முறை வைத்து விட்டால் எத்தனை நாளைக்கு வரும் என்று
கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர்.
இங்கே நாள் என்றால் தண்ணீர்.

2006-ஆம் ஆண்டு லாட்டுக்கு ஆயுள் முடிந்திருந்தது.
மூன்றை எடுத்துப் போய் எங்கோ மணலில் சுட்டார்கள்.
இரண்டு வெடித்ததாகக் கேள்வி.
மூன்றாவதைப் பற்றிய பக்கம் எனக்கு வரவில்லை.
ரப்பர் முத்திரைதான் வந்தது:
ஆயுள் நீட்டிப்பு, மூன்று ஆண்டு.
பெட்டி பெட்டியாகக் குத்தினேன்,
சாயங்காலம் கட்டைவிரல் ஊதாவாகியிருந்தது.

டோனியும் 2006தான்.
ராசா மிராசுதார் ஆஸ்பத்திரியில்
தூறலோடு தூறலாகப் பிறந்தான்.
இப்போது மலைமேல் எங்கோ
பீரங்கிக்குக் குண்டு ஊட்டுகிறான்.
நாலு வருஷ ஒப்பந்தம்.
அதற்கு முத்திரை என்னிடம் இல்லை.

பிளஸ் டூ லீவில்
அப்பாவின் நிலையத்தில் மூட்டை தூக்கியவன்.
'நெல்லு நாப்பது கிலோ, இது நாப்பத்து மூணு,
மூணு கிலோதாம்மா கூட' என்றான் போனில்.
'மூச்சுதான் வாங்குது.'
அந்த லாட் அங்கேயும் போயிருக்குமா என்று
நான் கேட்கவில்லை.
போனில் கேட்கக் கூடாத கேள்வி அது.
அவன் மீன்குழம்பைப் பற்றிக் கேட்டான்.

செவ்வாய் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.
பதினோரு மணிக்கு ஜெரால்டு சட்டையை மாட்டியபடி,
'உங்க கிட்டங்கில தார்ப்பாய் இருக்குமா?
ரெண்டு நாளைக்கு மட்டும்' என்றார்.
இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக
என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி.
வடக்குச் சுவரோரம் நாற்பது இருக்கின்றன,
மடிப்புக் கலையாமல்,
போர் இருப்பு என்று சாக்பீஸில் எழுதி.
தினமும் எண்ணுகிறேன்.
'தெரியாது' என்றேன்.

வியாழக்கிழமை விடியலில் திரும்பி வந்தார்.
கால்சட்டை மடிப்பில் சேற்றோடு நெல்,
ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஒரு முளை.
வாசலில் நின்று உதறினார்.
ஒன்றும் பேசவில்லை.

ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம்,
சுபேதாரும் நானும்.
உள்ளே முள் ஐம்பத்திரண்டில் நின்றது.
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
தார்ப்பாய்களை எண்ணினேன்.
நாற்பது.