எழுநூற்று இரண்டு கன அங்குலம்

அதற்கு லாரி கிடையாது.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்:
எந்த லாரியில் ஏற்றப் போகிறீர்கள்?

எதிலும் இல்லை.
நெப்ராஸ்காவின் மேற்கு விளிம்பில்
ஒரு தகரக் கொட்டகை,
உள்ளே இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது:
பன்னிரண்டு சிலிண்டர், நான்கு ஹெட்,
இரண்டு கார்புரேட்டர், பதினொன்றரை லிட்டர் வயிறு.
இரண்டு வி-சிக்ஸை ஒட்டவைத்தது என்பார்கள் தெரியாதவர்கள்.
ஒட்டு எங்கே, காட்டு என்பான் வெண்டல்.
ஒரே வார்ப்பு, ஒரே வார்ப்பு என்று
பிளாக்கைத் தட்டித் தட்டி
அவன் கல்யாண மோதிரம் நசுங்கிவிட்டது.

லவோன் குச்செராவின் வயலில் கிடந்தது.
லாரிக்கென்று பிறந்து
ஒரு கஜம்கூட ஓடாமல்
பதினாலு கோடை நின்ற இடத்தில் நின்று
மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் இறைத்தது.
பிறகு மின்சார மோட்டார் வந்தது.
இதற்குள் எலி வந்தது.
முந்நூறு டாலர் என்றாள் லவோன்,
வேலியை உடைக்காமல் எடுத்துப் போனால்
இருநூற்றைம்பது.

நான் பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக்.
வெண்டல் பன்றி வளர்க்கிறான்.
ஆர்விட் ஷெல்பெர்க் பல் மருத்துவர்;
வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை
வால்வுக்குள் விட்டுப் பார்த்து
லேசாகச் சொத்தை என்பார்.
பேரன் படம் கேட்டால்
கிராங்க்ஷாஃப்ட் படம் காட்டுபவர்.

யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலைதான்.
ஆறு வருடம்.
ஒரே ஒரு கேஸ்கெட்டுக்காக
ஆல்பர்ட்டாவிலிருந்து ஒருவர்
பீட்சா பெட்டியில் அதை வைத்து
பின்சீட்டில் பெல்ட் போட்டு
பதினேழு மணி நேரம் ஓட்டிவந்தார்.
காசு வாங்கவில்லை.
ஸ்டார்ட் ஆகும் அன்றைக்குப் போன் போடுங்கள்,
பேச வேண்டாம், பக்கத்தில் வைத்தால் போதும் என்றார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அது இருமியது.
சைலன்சர் இல்லாத குழாயிலிருந்து
எலிக்கூடு ஒன்று எரிந்துகொண்டே பறந்தது.
மேஜையில் இருந்த காப்பிக் கோப்பை
தானே நடந்து விளிம்புக்குப் போய் விழுந்தது.
நாங்கள் மூன்று பேரும் கத்திக்கொண்டிருந்தோம்,
என்ன கத்தினோம் என்று
இன்றுவரை மூவருக்கும் தெரியாது.

இருபது நிமிடத்தில் லவோனின் பிக்கப் வந்தது.
இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கி,
ஒன்பது சாப்பிடவில்லை என்றாள்.
என்ன?
ஒன்பதாவது சிலிண்டர்.
எமில் இருந்தபோதும் அது சவலைப்பிள்ளைதான்.

பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றினோம்.
ஒன்பது நன்றாகத்தான் சாப்பிட்டது. பதினொன்றுதான் பட்டினி.
நீங்கள் தப்பான முனையிலிருந்து எண்ணுகிறீர்கள் என்றாள்.
அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டது ஆர்விட்.
பதினாலு ஜூலை அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன்.
ஓடுகிறவரை தூக்கம்.
நின்றால் விழிப்பு வந்துவிடும்.
எமிலை உதைப்பேன், நின்றுவிட்டது, எழுந்து போ என்று.
டார்ச்சோடு சோளத்துக்குள் போவான்.
திரும்ப ஓடும். அவன் வந்து படுப்பதற்குள்
நான் தூங்கியிருப்பேன்.
சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

பதினொன்றைச் சரிசெய்ய நவம்பர் ஆனது.
பன்றிகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு வெண்டல் வர
இரவு பத்தரை.
ஆல்பர்ட்டாவுக்குப் போன் போட்டு
ரேடியேட்டர் மேல் வைத்தோம்.
இரண்டு மணி நேரம் அவர் வைக்கவே இல்லை.
ஒருமுறை மட்டும் அந்தப் பக்கம் நாய் குரைத்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அணைத்தோம்.
காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
வெளியே வந்து நின்றோம்.
உறைபனி. அறுத்த சோளத்தட்டை.
தெற்கே இரண்டு மைலுக்கு
கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை.

அங்கே ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது.

வெண்டல் பார்த்தான். நான் பார்த்தேன்.
கையுறையைக் கழற்றியிருந்த ஆர்விட்
திரும்ப மாட்டிக்கொண்டு
கேனில் பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்டார்.