மூன்றில் ஒன்று

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
தாமதத்துக்குக் காரணம் எழுத
பதிவேட்டில் கட்டம் இல்லை.
நிரோஷா முன்னமே வந்து
பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்,
மடியில் ஐந்து மாதம்.

"இது என்னிய பாக்கவே மாட்டுது மேடம்.
ஃபேன பாக்குது, செவுத்துல பல்லிய பாக்குது.
பக்கத்து வூட்டு டெய்சிக்கா வந்தா
கெக்கெக்குனு சிரிக்குது."
சொல்லும்போது அவள் முகம்
லாரி வராத நாளில்
வரிசையில் வைத்த குடம் மாதிரி இருந்தது.

புருஷன் ட்ரெய்லர் ஓட்டுகிறான்.
எண்ணூர் சாலையில், துறைமுகக் கியூவில்
மூன்றாம் நாளாக நிற்கிறான்.

வகுப்பில் ஒரு பரிசோதனை காட்டினார்கள்.
விளையாடிக்கொண்டிருக்கும் தாய்
சட்டென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்கிறாள்.
கொஞ்ச நேரம்தான்.
குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, கத்துகிறது,
பிறகு உடம்பை முறுக்கிக்கொண்டு
வேறெங்கோ பார்க்கிறது.
என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வெளியே போனாள்.
நான் குறிப்பெடுத்தேன்.

நிரோஷாவிடம் இதைச் சொல்லவில்லை.
சொன்னால் தீர்ப்பாகிவிடும்.
ஃபோனை ஜன்னல் கம்பியில் சாய்த்து
நான்கு நிமிடம் படம் எடுத்தேன்.
இருவருமாக ஓட்டிப் பார்த்தோம்,
நிறுத்தி, நகர்த்தி, நிறுத்தி.

இருபத்தோராம் வினாடி. குழந்தை பார்க்கிறது,
அவள் துப்பட்டாவைச் சரிசெய்கிறாள்.
இருபத்திநாலு. அவள் குனிகிறாள்,
குழந்தை பல்லிக்குப் போய்விட்டது.
"பாத்தீங்களா, நான் வர்றப்ப அது பூடுது."

இரண்டாம் நிமிடத்தில் கூட்ஸ் வண்டி.
சுவர் அதிர்கிறது, படம் ஆடுகிறது,
குழந்தை வாயைக் கோணி
காலை உதைக்கிறது, டக் டக் டக்.
அவள் ஒன்றும் யோசிக்காமல்
"ஏஏஏய்... போவுதா, போவுதா, போவுதா" என்று
குரலை அந்த உதையின் மேல் ஏற்றி,
கடைசிப் பெட்டி வரை கூடவே ஓட்டி,
"போச்ச்ச்சா" என்று இறக்குகிறாள்.
குழந்தை அண்ணாந்து
அவள் வாயைப் பார்க்கிறது.
ஆறு வினாடி.

அவள் காலை உதைக்கவில்லை.
உதையின் ஏற்ற இறக்கத்தைத் தொண்டையில் செய்தாள்.
புத்தகத்தில் இதற்குப் பெரிய பெயர் இருக்கிறது.
எழுதப்போய்ப் பேனாவை மூடிவிட்டேன்.

"இன்னொரு தபா போடுங்க."
போட்டேன்.
"இத்த நானா செஞ்சேன்?"

எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்,
நல்லபடி இருக்கும் தாயும் பிள்ளையும்கூட
மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பொருந்துகிறார்களாம்.
"அப்ப மீதி ரெண்டு?"
"தேடிக்கினு கீறது" என்றேன்.
அவள் பேச்சு என் வாயில் வந்துவிட்டது.
அவள் சிரித்தாள், என்னைப் பார்த்து.

அவள் போனபின் தனியாக
ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன்.
இரும்பு அலமாரிக் கண்ணாடியில்
படத்துக்குள் நானும் இருக்கிறேன்.
முதல் பத்து வினாடியில்
நிரோஷா ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள்.
நான் பதிவேட்டில் தேதி எழுதுகிறேன்.
அவள் என்னைப் பார்க்கிறாள்.
இன்னொரு முறை பார்க்கிறாள்.
என் முகம் அசையவே இல்லை.
பிறகு அவளும்
பல்லியைப் பார்க்கிறாள்.

செருப்பு மாட்டிக்கொண்டு ஓடினேன்.
கேட் மறுபடி போட்டிருந்தது.
ஆட்டோ, மீன் பாடி வண்டி, யூனிஃபார்ம் பையன்கள் நடுவே
தோளில் குழந்தையோடு நின்றிருந்தாள்.
"வந்ததும் ஏதோ சொல்ல வந்தீங்க, இன்னா அது?"
அவள் உதடு அசையும்போது
வண்டி வந்துவிட்டது.
டேங்கர், டேங்கர், டேங்கர்.
ஒரு சொல்லும் கேட்கவில்லை.
குழந்தை என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது,
நான் அவள் வாயை.

கடைசிப் பெட்டியும் போனது.
கேட் தூக்கினார்கள், பின்னால் ஹாரன்.
ஓரமாக நகர்ந்து நின்று,
"கேக்கல" என்றேன்,
"மறுபடி சொல்லுங்க."