பதினேழு ஏ

கேம்பிரிட்ஜில் நவம்பர் என்றால்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
குதிரை லாயமாக இருந்த கட்டடத்தில்
எங்கள் சேர்க்கை அலுவலகம்.
விண்ணப்பங்களைத் திறந்து
பெட்டி பெட்டியாய்ச் சரிபார்ப்பது என் வேலை.
தீர்ப்பு என் வேலையில்லை.

அஞ்சல் குறியீட்டை இட்டால்
கணினி தெருவை நிறுத்துப் பார்க்கும்.
வறிய தெரு என்றால்
பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு கொடி முளைக்கும்.
கொடி முளைத்த பெயரை
இன்னொரு தடவை வாசிப்பார்கள்.
அவ்வளவுதான் சலுகை.

இன்று ஹியூகோ பெல்லமிக்குக் கொடி.
கிழக்கு லண்டன். பழைய கணக்கில் ஏழைத் தெரு.
இப்போது அங்கே ஒரு பாண் ஆறு பவுண்,
கதவுகளுக்கெல்லாம் ஒரே சாம்பல் பச்சை.
எண்ணியவர்கள் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை.
பையனில் பிழையில்லை.
மாமாவின் சட்ட அலுவலகத்தில் கழித்த இரண்டு கிழமையை
வடிவாய்த்தான் எழுதியிருக்கிறான்.

அடுத்தது நிருத்திகா மகேந்திரராசா.
சரேயில் ஒரு ஊர். தமிழில் எழுதினால் கோபம்.
ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பொருள் இல்லை.
அங்கே வாசலுக்கு வாசல் மின்கதவு,
காற்பந்து வீரர்கள் வாங்கிப் பூட்டிவைத்த வீடுகள்.
தகப்பன் தொழில்: நிறுவன இயக்குநர்.
கணினி கையை விரித்தது.
கொடி இல்லை.

விலாசத்தில் நின்றுவிட்டேன்.
17 ஏ, ஹை ஸ்ட்ரீட்.

ஏ.
அந்த எழுத்தை எனக்குத் தெரியும்.
ஏழு வருடம் அதற்குள் குடியிருந்தேன், ரெடிங்கில்.
17 என்றால் கடை.
17 ஏ என்றால்
பின்பக்கக் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே ஏறும் இரும்புப் படி,
கீழே குளிர்பெட்டிகள் உறுமினால்
மேலே அதிரும் கட்டில்,
இரவு பதினொன்றுக்கு விழும் ஷட்டர்.
நிறுவனம் என்பது ஒரு கல்லா, ஒரு லொத்தர் இயந்திரம்.
இயக்குநர் விடிய நாலரைக்குக் குந்தியிருந்து
பத்திரிகைக் கட்டுகளை அவிழ்ப்பார்.

அவளிடம் எதிர்பார்க்கிற மூன்று ஏ-க்களுக்கு,
தலையில் நட்சத்திரம் வைத்தவை,
மூன்று பெட்டிகள் உண்டு.
நான்காவது ஏ-க்கு இல்லை.

பிரிநிலை ஏகாரம் என்று படித்திருக்கிறேன்.
கூட்டத்துக்குள்ளிருந்து ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டுவது.
பாடப் புத்தகத்தில் அதற்கு உதாரணம்
ஒரு கள்வன்.

அவள் கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன்.
அருங்காட்சியகம் இருக்கிறது. விவாதப் போட்டி இருக்கிறது.
கடை இல்லை.
அதெல்லாம் எழுதாதே என்று
யாரோ சொல்லியிருப்பார்கள்.

என் மகன் இனியவனுக்கு நான் எழுது என்றேன்.
நாலு இரவு அவன் பக்கத்தில் இருந்தேன்.
எந்த வசனத்தில் பேராசிரியரின் கண் தங்கும் என்று
தெரிந்த தாய் அவனுக்கு.
ரெடிங் படிகளை எடுத்துக் கொடுத்தேன்.
அவனுக்கு ஒரு வயதில் நாங்கள் விட்டு வந்த வீடு.
அவன் அந்தப் படிகளைத் தன் காலால் ஏறியதே இல்லை.
படிகள் அவனை ஏற்றிவிட்டன.
இதற்கும் பெட்டி இல்லை.

விண்ணப்பத்தின் அடியில், யாரும் நிரப்பாத
குறிப்பு என்ற கட்டம் ஒன்று உண்டு.
"கடைக்கு மேல் வீடு" என்று தட்டினேன்.
எப்படித் தெரியும் என்று டாக்டர் ஹெஸ்கெத் கேட்டார்.
அந்த ஏ, என்றேன்.
அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தேநீரை எடுத்துக்கொண்டு போனார்.

டிசம்பர். நேர்காணல் திரையில்.
ஒலி சரியா என்று பார்க்க
முதல் இரண்டு நிமிடம் நான்.
பின்னால் வெள்ளைப் போர்வை கட்டியிருந்தாள்.
போர்வை எட்டாத ஓரத்தில்
போத்தல் பெட்டி ஒன்றின் மூலை.
கீழே மணி அடித்தது. கடைக் கதவு மணி.
சட்டென்று ஒலியை அடைத்தாள்.
உதடு மட்டும் மன்னிப்புக் கேட்டது.

மைக்கைத் திறக்கச் சொன்னேன், ஆங்கிலத்தில்.
திறந்தாள். மணி திரும்பவும் அடித்தது.
"பரவாயில்லை பிள்ளை, அடிக்கட்டும்" என்று
தமிழ் தொண்டை வரை வந்தது.
அதற்குள்
பேராசிரியர்கள் இருவரும் திரைக்கு வந்துவிட்டார்கள்.