ப்ளெய்ன்

தலைக்கு மேலே தொங்கிய பல்பு
கண்ணில்தான் விழுந்தது, துணியில் இல்லை.
ஐப்பசி. தீபாவளிக்குப் பதினோரு நாள்.
நாற்பத்தாறு ரவிக்கை பாக்கி.
கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளைக் கேளுங்கள்,
வெளிச்சம் கூடினாலும் குருடுதான்.

பட்டமங்கலத் தெருவில் ஒரு ஷேட் விலை கேட்டேன்.
அறுநூற்று அறுபது.
ஐந்தரை ரவிக்கைக் கூலி.
அரை ரவிக்கையை யார் போட்டுக்கொள்வார்கள்
என்று சிரித்துக்கொண்டே
துலாக்கட்டத்துக்குப் போகும் கூட்டத்துக்கு எதிரே நடந்து வந்தேன்.

வீட்டில் ஒரு நல்லெண்ணெய் டின் இருந்தது.
சாம்பல் போட்டு, சீயக்காய் போட்டு, தேய்த்து,
எள் வாசம் மட்டும் போகவில்லை.
வாயை வெட்டி எடுத்தேன்.
ஆணி வைத்து ஓர் அடி.
ஓட்டை விழவில்லை.
பல் போன கன்னம் மாதிரி
டின் உள்ளே போனது.

மனைவியின் ரவிக்கை வாங்க வந்த ஜெகபர்
மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
நின்று பார்த்தார்.
“வெறும் வயித்துல அடிச்சா மடங்கத்தாங்க செய்யும்.
தண்ணி ஊத்தி ஐஸாக்கிட்டு அடிங்க.”

ஃப்ரீசர் கதவு மூடவில்லை.
பாவாடை நாடாவால் இழுத்துக் கட்டினேன்.

கொள்ளிடத்துத் தண்ணீர்.
இந்த ஊர்ப் பக்கம் அது வரும், வராது,
வந்தால் நட்ட பயிரை மூழ்கடிக்கும்,
கடைமடைக்குக் கேட்டால் பாதியில் நின்றுவிடும்.
ஓர் இடத்தில் கெட்டியாக நின்று
எனக்கு முட்டுக்கொடுத்தது
அந்த ஒரு ராத்திரிதான்.

டிசைன் தேடவில்லை. இருந்தது.
மாப்படுகைத் திலகவதிக்காக
முதுகுக் கழுத்துக்கு மூன்று ராத்திரி வரைந்த கொடி,
கொடியில் நாலு மாங்காய்.
“மாமியார் பேசுவாங்கக்கா,
ப்ளெய்னாவே தைச்சிடுங்க” என்றாள்.
ஊசியால் குத்திய அந்தக் காகிதம்
பாபின் டப்பாவுக்கு அடியில் மடிந்து கிடந்தது.
டின்னில் ஒட்டினேன்.

ஒவ்வோர் அடிக்கும் ஐஸ் தூள் மேலே தெறித்தது.
மாடிவீட்டு ராஜகோபாலன்
இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனார்.
கட்டைவிரலைத் தகரம் கீறியது.
மரத்துப்போயிருந்ததால்
ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் வலித்தது.

நாலாவது மாங்காய்க்கு வருவதற்குள்
உள்ளே பாதி கரைந்துவிட்டது.
ஆணி வழுக்கி,
கொடிக்கு வெளியே
பெரிதாக ஓர் ஓட்டை.
தையல் என்றால் பிரித்துவிடலாம்.

மிச்ச ஐஸைக் குளியலறையில் கவிழ்த்தேன்.
இரண்டு நாள் அங்கே எள் மணந்தது.

ஹோல்டர் மாட்டியது மட்டும் ஸ்டீபன்.
கூலி வேண்டாம் என்று சொல்லி
டீக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான்.
சுவிட்சைப் போட்டதும்
வெளிச்சம் மிஷின் மேல் குவிந்தது.
எனக்கு அது போதும்.
கொடியைப் பார்க்க நேரமில்லை,
தைக்கத் தொடங்கிவிட்டேன்.

திலகவதி வந்தாள், மழையோடு.
அவளுடைய அரக்கு ப்ளெய்ன் ரவிக்கையைத் தேடிப்
பையில் குனிந்தேன்.
பின்னால் பேச்சு நின்றது.

“அக்கா, அசையாதீங்க.”

ஃபோனில் காட்டினாள்.
சாயம் போன என் ரவிக்கை.
அதன் முதுகில் கொடி.
மூன்று மாங்காய், பிறகு ஒரு கோணல் மாங்காய்,
முதுகெலும்புக்குப் பக்கத்தில்
யாரும் கேட்காத ஒரு வெளிச்சப் பொட்டு.
இருபத்திரண்டு வருஷம்
இந்த ஊர் முதுகையெல்லாம் அளந்திருக்கிறேன்.
இது யாருடையது என்று
ஒரு நொடி தெரியவில்லை.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து,
கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு,
மிஷின் பக்கத்தில்
முதுகைக் காட்டி நின்றாள்.
ஃபோனை வாங்கினேன்.
“கொஞ்சம் இடது பக்கம்” என்றேன்,
அளவெடுக்கும்போது சொல்வது போலவே.

பில்லில் எழுதினேன்:
சாதா ரவிக்கை, ஒன்று. நூற்று இருபது.

இன்னும் முப்பத்தெட்டு பாக்கி.