கம்பளி இல்லாத இரண்டு நாள்

நானுஓயாவில் ஏறும்போது மேலில் நாலு உடுப்பு.
ஹட்டனில் சால்வையைக் கழற்றினேன்.
நாவலப்பிட்டியில் காதுக்குல்லா.
ரம்புக்கனையில் காலுறையைச் சுருட்டிப் பையில் திணிக்க
எதிர் சீட்டுக்காரர் கண் விழித்துப் பார்த்து
மறுபடி தூங்கிப் போனார்.
கோட்டையில் இறங்கினால் இன்னும் விடியவில்லை.
டிசம்பர் மாதம். முழங்கைவரை வெறுங்கை.
ஒரு மயிர்கூடச் சிலிர்க்கவில்லை.

இரண்டு நாள் லீவு, நத்தாருக்கு முந்தின கிழமை,
கொழும்புச் சனம் குளிர் பார்க்க
நுவரெலியாவுக்குக் கிளம்பி வருமுன்னே.
வந்தால் வாயால் புகைவிட்டு
அதைப் படம் பிடிப்பார்கள்.
நானும் புஷ்பகாந்தியும் அவர்கள் போர்த்திய
அறுபத்திரண்டு கம்பளியைத் துவைப்போம்.
சரியாக அறுபத்திரண்டு.
ஒன்றில் சுருட்டுச் சுட்ட ஓட்டை.

மருதானை லொட்ஜில் நஸ்மி என்றொரு பையன்
சாவியை நீட்டியபடி கூசிக் கூசிச் சொன்னான்:
"போர்வை இல்லீங்க அக்கா, பெட்ஷீட் மட்டுந்தான்."
நாங்கள் சிரித்த சிரிப்பில் அவன்
இரண்டு படி பின்னால் போனான்.

குளித்தோம். பச்சைத் தண்ணீரில்.
அதற்கே ஒரு டிக்கட் எடுக்கலாம்.

படுக்கையைக் கலைந்தபடி விட்டுவிட்டு வெளியே வந்தோம்.
எத்தனை வருஷத்து ஆசை.
காந்தி மட்டும் செருப்பை மறந்தேன் என்று திரும்பினாள்;
தலையணை தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது.

புறக்கோட்டையில் ஒரு தள்ளுவண்டி நிறைய
எங்கள் ஊர் லீக்ஸ், எங்கள் ஊர் கரட்,
எங்களுக்கு முன்னமே வந்து வெயிலில் தலைசாய்ந்து.
விலையை மட்டும் விசாரித்துவிட்டு நடந்தோம்.
இரண்டாம் குறுக்குத்தெருவில்
கையில்லாத சட்டை ஒன்று, எலுமிச்சை மஞ்சள்.
ஆயிரத்து நானூறு என்றான், ஆயிரத்து நூறுக்கு இறங்கினான்.
"இத எங்கடி போடுவ?"
"குசினியில. அடுப்புப் பக்கம்."

பேர வாவியில் அன்னப் படகு மிதித்தோம்.
காந்தியின் அன்னம் ஒரே இடத்தில் சுற்றியது;
என்னுடையது ஒரு கொக்கைத் துரத்திவிட்டுக் கரையில் முட்டியது.

மத்தியானம், கண்ணாடிக் கட்டடக் கடையொன்றில்
கூரையிலிருந்து பனி கொட்டினார்கள்.
மணிக்கொருதரமாம்.
பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடுகிறார்கள், தாய்மார் கையேந்துகிறார்கள்.
நான் ஒரு துளியைத் தொட்டு மோந்தேன்.
சவுக்காரம்.
எனக்குத் தெரியாத சவுக்காரமா?
தை பிறந்தால் கிழங்குப் பாத்திமேல் விழும் பனிக்கு மணமில்லை;
காலையில் வெள்ளை, பத்து மணிக்கெல்லாம்
இலை கருகிக் கறுப்பு.
அதைக் கண்டு எங்கள் அப்பா ஒருநாளும் கையேந்தியதில்லை.
ஆனாலும் காந்தியின் பின்னலில் ஒட்டிய நுரை
வடிவாகத்தான் இருந்தது. துடைக்காமல் விட்டேன்.

பொழுதுபட காலிமுகத்திடல்.
இறால் வடை, அன்னாசியில் மிளகாய்த்தூள்,
நூல் அறுந்த பட்டம் ஒன்று கப்பல்களின் பக்கம் போகிறது.
கடல் இந்த மாதம் சாது. கால் நனைத்தோம்.
முதலாளியின் போன் ஏழு தரம் அடித்தது:
ஒன்பதாம் நம்பர் அறையில் ஹீட்டர் எரியவில்லையாம்.
அலைச் சத்தத்தில் ஒன்றுமே விளங்கவில்லை, சேர், என்றேன்.
பாதி உண்மை.

பக்கத்தில் ஒரு வெள்ளவத்தை அம்மா
கடற்காற்றுக்குத் தலையை மூடிக்கொண்டு நடுங்கினா.
நாளன்றைக்கு நுவரெலியாவாம், பேரப்பிள்ளைகளோடு.
"அங்க சரியான குளிரோ பிள்ளை?
பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

ஏரி, குதிரை, ரோசாத் தோட்டம் என்று
எங்கள் சுவரில் ஒட்டியிருப்பதை ஒப்புவித்தேன்.
எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.
அவ சொன்ன பேரைக் கேட்டு
காந்தி வடையை மெல்லுவதை நிறுத்தினாள்.

"அலுமாரியில மேல்தட்டுக் கம்பளி வேணாம்மா," என்றேன்.
"கீழ்த்தட்டுல நீலக் கரை போட்டது இருக்கும்.
அதக் கேட்டு வாங்குங்க.
போன கிழமை ஒரே ஒரு நாள் வெயில் அடிச்சிச்சு.
அன்னைக்கிக் காஞ்சது அது மட்டுந்தான்."