எட்டாவது படகு

ஃபேரோ தீவில் தார் பூசிய சிறு தேவாலயம்.
கூரையிலிருந்து தொங்கும் மரக்கப்பல்
காற்று புகும்போதெல்லாம் கொஞ்சம் திரும்பும்.
வெளியே மூன்றாம் நாளாய்ப் புயல்.

போதகர் ஹானுஸ் படகுகளின் பெயரை வாசித்தார்.
ஏழும் எங்கள் ஊர்ப் படகுகள்.
ஒவ்வொரு பெயருக்கும்
ஏதோ ஒரு வரிசையில் ஒரு தலை குனிந்தது.

ஆமென் சொல்லும் நேரத்தில் சுன்வா எழுந்தாள்.
"இன்னொன்று இருக்கிறது."

மார்ச்சில் அவள் வீட்டு வலைகளை
அறுத்துக்கொண்டு போன
அந்நிய இழுவைப் படகு.
காலையிலிருந்து வானொலியில் அதன் குரல் இல்லை.

பெயர் அவள் வாயில் நுழையவில்லை.
எண் தெரியும்,
புகார் மனுவில் மூன்று முறை எழுதிய எண்.
காவல் நிலையத்தில் அழுத்திச் சொன்னது போலவே
கர்த்தரிடமும் சொன்னாள்,
ஒவ்வோர் இலக்கமாக.

அவள் கொழுந்தன் ரேயின்
தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.
கதவு திறந்ததில் மரக்கப்பல்
முழுதாய் ஒரு சுற்றுச் சுற்றியது.

"எத்தனை பேர் அதில்?" என்றார் போதகர்.
"தெரியாது.
சமைக்கிறவன் ஒருவன் இருப்பான்.
வலையை அறுத்தவனும் இருப்பான்."

எங்கள் பிதாவே என்று எல்லோரும் தொடங்கினார்கள்.
முதல் சொல்லைச் சொல்லவே
எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.